லாஞ்சர் டவுன்லோடும் ஆடின நேரமா? ரீஃபண்டு வாங்கினவங்க சொல்லுங்க

கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கம் பிசி கேம் வாங்குறவங்ககிட்ட ஒரு உதவி. ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா, என்ன காரணமா இருந்தாலும் பணத்தைத் திருப்பிக் கேக்கலாம். சிக்கலே அந்த 2 மணி நேரத்துலதான். சில கேம் தனி லாஞ்சரை (கேமைத் தொடங்கி வைக்கிற சின்ன புரோகிராம்) திறந்து, மிச்ச ஃபைலை அதுக்குள்ளதான் இறக்கும். அப்புறம் ஷேடர் (காட்சியை வரையச் சொல்ற சின்ன கோடு) தயாராகணும். அதுவரைக்கும் கேம் ஓடுறதாவே கணக்கு ஏறும். விநாடிக்கு 2 எம்பி வர்ற நெட்டுல 15 ஜிபி இறங்கவே 2 மணி நேரம் தாண்டிடும். ஆடாமலே கெடு முடிஞ்சுது! (முழுசா ஆடி முடிச்சிட்டுப் பணம் கேக்குறவங்களுக்கு நான் வக்காலத்து வாங்கல.)

கெடு தாண்டினாலும் கேளுங்க, பரிசீலிப்போம்னு அவங்க விதியிலேயே இருக்கு. அப்படிக் கேட்டு வாங்கினவங்க, காரணப் பெட்டியில என்ன எழுதினீங்க? லாஞ்சர் ஸ்கிரீன்ஷாட் எதுக்காவது உதவுச்சா? யுபிஐல கட்டின பணம் பேங்குக்கே வந்துச்சா, ஸ்டீம் கணக்குல இருக்குற வாலட்டுல விழுந்துச்சா?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினவங்களோ, ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டவங்களோ இருந்தா, என்னென்ன ஆதாரம் கேட்டாங்கன்னும் சொல்லுங்க.