[கலைச்சொல்] ‘டவுன்கிரேடு’க்கு ஒரு சொல் போதுமா?

மடல் 1

குழுமத்தாருக்கு வணக்கம்.

கேம் விமர்சனம் எழுதுவோருக்கான சொற்பட்டியல் ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. பெரிய நிறுவனங்கள் ஜூன் மாதக் காட்சிகளில் ஒன்றைக் காட்டிவிட்டு, கடைக்கு வேறொன்றை அனுப்பினால் ‘டவுன்கிரேடு’ என்கிறார்கள். தமிழில் எழுதுவோர் அதை ‘ஏமாற்று’, ‘பித்தலாட்டம்’ என்று முடித்துவிடுகிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் என்ன நடந்தது என்பதை அந்தச் சொற்கள் சொல்வதில்லை.

எடுத்துக்காட்டுக்கு ஒன்று. கேம் துறையின் பெரிய ஆண்டுக் கண்காட்சியான இ3இல், 2012ஆம் ஆண்டு, யூபிசாஃப்ட் நிறுவனம் ‘வாட்ச் டாக்ஸ்’ கேமைக் காட்டியது. சிகாகோவின் இரவுத் தெருவும் அதன் விளக்கொளியும் பார்த்தவர்களை வாய்பிளக்க வைத்தன. 2014 மே மாதம் வெளியான கேமில் அந்த ஒளி இல்லை. அடுத்த மாதமே, கணினிப் பதிப்பின் கோப்புகளைத் துழாவிய மோட் ஆர்வலர்கள் (வெளியான கேமைத் தாங்களே மாற்றியமைப்பவர்கள்) 2012இல் கண்ட சில விளைவுகளின் அமைப்புகள் உள்ளேயே அணைத்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். வேகத்துக்காகவும் நிலைப்புக்காகவும் அணைத்தோம் என்றது நிறுவனம்.

என் முன்மொழிவு: டவுன்கிரேடு – தரமிறக்கம். வெர்டிகல் ஸ்லைஸ் – செங்குத்துத் துண்டு. ஷோகேஸ் – அரங்கேற்றம். கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 2

> வெர்டிகல் ஸ்லைஸ் – செங்குத்துத் துண்டு

இதை ஏற்க முடியவில்லை, ஐயா. இது சொல்லைப் பெயர்த்திருக்கிறது, பொருளைப் பெயர்க்கவில்லை. ‘செங்குத்து’ என்று படிப்பவருக்கு மலைச்சரிவுதான் நினைவுக்கு வரும்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வேலை இது. கேம் முழுவதையும் கட்டுவதற்கு முன்னால், அதில் பத்து இருபது நிமிட அளவுள்ள ஒரு பகுதியை மட்டும் எடுத்து, ஓவியம், ஒலி, கட்டுப்பாடு, எதிரிகளின் அறிவு, திரைப்பட்டி (மெனு) என எல்லா அடுக்குகளையும் இறுதித் தரத்துக்குச் செய்து பார்ப்பார்கள். இந்தத் தரத்தில் முழு கேமும் செய்ய எத்தனை பேர், எத்தனை மாதம், எவ்வளவு பணம் தேவை என்று கணக்கிடவும், பணம் போடும் பதிப்பாளரின் ஒப்புதலைப் பெறவும் அது உதவும். சில குழுக்கள் கேமில் வரும் எல்லா இடங்களையும் சாம்பல் நிறப் பெட்டிகளாக முதலில் கட்டிவிட்டு ஓவியத்தைக் கடைசியில் ஏற்றுவார்கள். அது அகலவாட்டில் செய்வது. ஆழவாட்டில் ஒரு கீற்றை முழுதாக வெட்டி எடுப்பதுதான் வெர்டிகல் ஸ்லைஸ்.

இதற்குத் தமிழில் சொல் தயாராகவே இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆகவே ‘பதச்சோறு’. திறனாய்வு எழுதுவோர் இதே பொருளில் நெடுநாளாகப் புழங்கும் சொல்தான் இது. வேற்றுமை உருபும் தடையில்லாமல் ஏற்கும்: பதச்சோற்றை, பதச்சோற்றில், பதச்சோற்றுக் கட்டம்.

மடல் 3

> ஷோகேஸ் – அரங்கேற்றம்

பொருந்தாது. பயிற்சி முடிந்த பிறகு, நூல் முடிந்த பிறகு நடப்பது அரங்கேற்றம். இங்கே காட்டப்படுவதில் பாதி இன்னும் எழுதப்படவே இல்லை. முடிக்காததை முடித்ததாக நினைக்க வைப்பதுதான் ரசிகர்களின் மனக்குறையே. அதே தவறை நம் சொல்லும் செய்யலாமா?

‘கண்காட்சி’ இ3 போன்ற கூடத்துக்குச் சரி. 1995 முதல் 2019 வரை ஆண்டுதோறும் ஆள்கள் கூடி நடந்த இ3, 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நின்டென்டோ 2011 முதல் நடத்தும் ‘டைரக்ட்’ போன்றவற்றில் கூடமும் இல்லை, கையில் கொடுத்து ஆடச் சொல்லும் மேசையும் இல்லை. வெறும் ஒளிபரப்பு. ‘அறிவிப்பரங்கு’ இரண்டுக்கும் பொருந்தும்.

மடல் 4

பதச்சோறு அருமையான சொல். ஆனால் மேடையில் காட்டுவதற்கெல்லாம் அந்தப் பெயரைக் கொடுத்தால் சொல் கெட்டுவிடும். பதச்சோறு என்றால் பானைக்குள்ளிருந்து எடுத்த சோறு. மேடையில் பரிமாறியவற்றில் பல, தனி அடுப்பில் தனி உலை வைத்து வடித்தவை.

மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, கேமே இல்லாத காட்சி. 2005 இ3இல் சோனி காட்டிய ‘கில்சோன்’ படம் நினைவிருக்கும். பிளேஸ்டேஷன் 3 ஓட்டுவதைப் போலக் காட்டினார்கள். உண்மையில் அது அனிமேஷன் நிறுவனம் ஒன்று முன்கூட்டியே வரைந்து சேர்த்த படம். ‘கில்சோன் 2’ வந்தது 2009 பிப்ரவரியில். இப்படிப்பட்ட படத்துக்கு உள்ளே ஒரு பயன் உண்டு: இந்தத் தோற்றத்தை எட்ட வேண்டும் என்று குழுவுக்கு ஒரு குறி வைப்பது. அதனால் ‘டார்கெட் ரெண்டர்’ என்பதை ‘இலக்குப்படம்’ எனலாம். குழுவின் அறைக்குள் அது நேர்மையான பொருள். அறையை விட்டு மேடைக்கு வந்து, ‘இது இலக்கு’ என்று சொல்லாமல் விடும்போதுதான் தப்பாகிறது.

இரண்டாவது, நிஜமாகவே ஓடும் ஒன்று, ஆனால் மேடைக்கென்றே கட்டியது. இதற்கு ‘மேடைப்பதிப்பு’ என்கிறேன். கேமை ஓடும் வடிவில் தொகுத்துத் தரும் ‘பில்டு’ என்பதைப் பதிப்பு என்று ஏற்கெனவே எழுதுகிறோம். எதிர்ச்சொல்லாகக் ‘கடைப்பதிப்பு’ தானே வந்து அமைகிறது.

மேடைப்பதிப்பு ஏன் எப்போதும் அழகாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆடுபவர் எந்தச் சந்தில் திரும்புவார், எந்த நொடியில் குதிப்பார் என்பது முன்பே ஒத்திகை பார்த்தது. எனவே நினைவகத்தில் அந்த ஒரு தெரு மட்டும் இருந்தால் போதும். மற்ற நகரம் ஏற்றப்படவே இல்லை. எதிரிகள் யோசிப்பதில்லை, எழுதி வைத்தபடி நடக்கிறார்கள். ஒளி அந்த ஒரு கோணத்துக்கு என்று வைக்கப்பட்டது. பல சமயம் ஓட்டுவது கன்சோல் அல்ல, விலையுயர்ந்த கணினி. கடைப்பதிப்பில் இதில் எதுவும் செல்லாது. திரையில் நொடிக்கு 30 சட்டகம் (தனித்தனிப் படம்) வேண்டுமென்றால் ஒரு சட்டகத்துக்கு 33.3 மில்லி நொடிதான் கிடைக்கும். அதற்குள் முழு நகரத்தின் போக்குவரத்து, கூட்டம், வானிலை, சேமிப்பு எல்லாம் நடந்தாக வேண்டும். நேரம் தாண்டினால் முதலில் குறைவது நிழலின் கூர்மை, பிறகு நீரின் பிரதிபலிப்பு, புகைத் துகள், தெருவில் நடக்கும் ஆள்களின் எண்ணிக்கை, தொலைவுப் பொருள்கள். ஆடுபவர் கண்ணுக்கு முதலில் படுபவையும் இவையே.

‘வாட்ச் டாக்ஸ்’ கதையில் காலமும் சேர்ந்துகொண்டது. அதைக் காட்டியது 2012 ஜூனில். பிளேஸ்டேஷன் 4இல் 8 ஜிபி நினைவகம் என்று சோனி அறிவித்ததே 2013 பிப்ரவரியில்தான். அதோடு, 256 மெகாபைட் இரண்டு கூறுகளாக உள்ள பிளேஸ்டேஷன் 3இலும் அதே கேம் ஓட வேண்டியிருந்தது.

‘விட்சர் 3’ வெளியான 2015 மே மாதத்தில் அதைச் செய்த சிடி புராஜெக்ட் நிறுவனத்தின் தலைவர் மார்சின் இவின்ஸ்கி இதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். கண்காட்சிக்கென்று ஒரு பதிப்பைச் செய்கிறோம், அது அழகாக ஓடுகிறது. பிறகு திறந்த உலகத்துக்குள் வைத்தால் ஓடவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். மேடைப்பதிப்பு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது.

மூன்றாவது வகைதான் உண்மையான பதச்சோறு. அதைத் துணிந்து மேடையில் வைத்தவர்களும் உண்டு. 2020 ஜூலையில் காட்டிய ‘ஹேலோ இன்ஃபினிட்’டைப் பாருங்கள். வெளிச்சம் தட்டையாக இருந்தது, தூரத்துப் பொருள்கள் திடீர் திடீரென முளைத்தன. ரசிகர்கள் காய்ச்சி எடுத்தார்கள். அடுத்த மாதமே வெளியீட்டைத் தள்ளி வைத்தார்கள், கேம் 2021 டிசம்பரில் வந்தது. அன்றைக்கும் ஏமாற்றம் இருந்தது, ஆனால் ஏமாற்று இல்லை. நம் சொற்கள் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

மடல் 5

மேடைப்பதிப்பு – வழிமொழிகிறேன். குற்றம் சாட்டாமலேயே உண்மையைச் சொல்லும் சொல்.

> டவுன்கிரேடு – தரமிறக்கம்

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். ‘டவுன்லோடு’க்குத் ‘தரவிறக்கம்’ என்ற சொல் ஊன்றிவிட்டது. தரவிறக்கம், தரமிறக்கம் இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. “தரவிறக்கம் செய்தபின் தரமிறக்கம் தெரிகிறது” என்று கைபேசித் திரையில் படித்துப் பாருங்கள். மெய்ப்புப் பார்ப்பவர் இரண்டில் ஒன்றை எழுத்துப்பிழை என்று ‘திருத்தி’விடுவார்.

பொற்கொல்லரிடம் போவோம். பொன்னின் தரத்துக்கு ‘மாற்று’ என்று பெயர். பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோம். உரைகல்லில் உரசி, இரண்டு கோடுகளை அருகருகே வைத்து ஒப்பிடுகிறோம். கேம் ரசிகர்கள் செய்வதும் அதேதான்: மேடைப்பதிப்பின் படத்தையும் கடைப்பதிப்பின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி உரசிப் பார்க்கிறார்கள். ஆகவே ‘மாற்றுக்குறைவு’. வினையாக ‘மாற்றுக் குறைந்தது’, ‘மாற்றுக் குறையாமல் வந்தது’.

மடல் 6

மாற்றுக்குறைவு காதுக்கு இனிமைதான் அம்மா. ஆனால் இன்றைய இளைஞருக்கு மாற்று என்றால் ‘வேறொன்று’. மாற்றுத்திறன், மாற்றுவழி. “மாற்றுக்குறைவு” என்றால் ‘வேறு வழி குறைவு’ என்று படிக்க இடமிருக்கிறது. ஒருமுறை விளக்கிவிட்டால் போதும் என்பீர்கள். கலைச்சொல்லை ஒவ்வொரு கட்டுரையிலும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

வேறொன்றும் கவனிக்க வேண்டும். எல்லா வேறுபாடும் குறைவாகாது. 2017 இ3இல் காட்டிய ‘ஸ்பைடர்மேன்’ காட்சியில் தரையில் பெரிய நீர்க்குட்டை இருந்தது. 2018இல் வெளியீட்டுக்குச் சற்று முன் வந்த படத்தில் அது சுருங்கியிருந்தது. இணையம் கொதித்தது. குட்டையின் அளவை மட்டும் மாற்றினோம், தரத்தைக் குறைக்கவில்லை என்றார்கள் செய்தவர்கள். வெளியான கேமும் அதைத்தான் காட்டியது.

மறுபக்கம், தோற்றம் அப்படியே இருக்க, அம்சம் ஒன்றே காணாமல் போவதும் உண்டு. 2018இல் வெளியிட்ட 48 நிமிட ‘சைபர்பங்க் 2077’ படத்தில் கைவாளைக் குத்திச் சுவரில் தொங்கும் காட்சி இருந்தது. 2020 டிசம்பரில் வந்த கேமில் அது இல்லை. இதை ‘அம்ச நீக்கம்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். நிழல் மங்குவதும் கையில் கிடைக்க வேண்டிய ஆற்றல் கிடைக்காமல் போவதும் ஒன்றல்ல.

மடல் 7

இன்னொரு மனக்குறைக்கும் பெயர் தேவை. காட்டுவதற்கு எதுவுமே இல்லாமல் பெயரை மட்டும் அறிவிப்பது. ‘மெட்ராய்டு பிரைம் 4’ 2017 இ3இல் ஓர் இலச்சினையாக மட்டும் வந்தது. 2019 ஜனவரியில் வேலையை முதலிலிருந்து தொடங்குவதாகச் சொன்னார்கள். கைக்கு வந்தது 2025 டிசம்பரில். ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6’ 2018இல் மலைகளின் மேல் ஒரு தலைப்பாக வந்ததோடு சரி. 2014இல் அறிவித்த ‘ஸ்கேல்பவுண்ட்’ 2017இல் கைவிடப்பட்டது.

கடை கட்டுவதற்கு முன் மாட்டும் பலகை இது. ‘பெயர்ப்பலகை அறிவிப்பு’ என்று வைக்கலாம். இதை எதனால் செய்கிறார்கள் என்பதும் தெரிந்ததுதான்: ஆள் சேர்க்க, பங்குதாரர்களுக்கு உறுதி சொல்ல, ரசிகரை வேறு கன்சோல் வாங்காமல் நிறுத்திவைக்க.

மடல் 8

மடல் 4 சொன்னதில் ‘ஆந்தம்’ என்ற கேம் விடுபட்டிருக்கிறது. மேடைப்பதிப்பு ரசிகரை மட்டுமல்ல, செய்பவரையும் குழப்பும் என்பதற்கு அதுதான் சான்று. 2019 ஏப்ரலில் கேம் செய்திகள் வெளியிடும் கொட்டாக்கு தளத்தில் ஜேசன் ஷ்ரையர் எழுதிய நீண்ட கட்டுரையின்படி, 2017 இ3இல் காட்டியதில் பெரும்பகுதி உண்மையில் ஆடக்கூடிய நிலையிலேயே இல்லை. ‘ஆந்தம்’ என்ற பெயரே கண்காட்சிக்குச் சில நாள் முன்புதான் முடிவானது. தாங்கள் எந்த கேமைச் செய்கிறோம் என்பதை அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் குழுவில் இருந்தவர்களே தெரிந்துகொண்டார்களாம்.

சட்டத்துக்கும் இந்தச் சொற்கள் தேவைப்படும். ‘ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ்’ 2013இல் வந்தபோது, முன்பு காட்டிய காட்சிக்கும் கேமுக்கும் இருந்த இடைவெளி நீதிமன்றம் வரை போனது. பதிப்பாளரான சேகா 12.5 லட்சம் டாலர் தர உடன்பட்டது. பிரிட்டனில் விளம்பரத் தரக் குழுவிடம் புகார் போனபின், முன்னோட்டங்கள் இறுதி கேமைச் சரியாகக் காட்டவில்லை என்பதைச் சேகா ஏற்று, விளக்கக் குறிப்புச் சேர்க்க ஒப்புக்கொண்டது.

அந்தக் குறிப்புகளுக்கும் தமிழ் வேண்டும். திரையடியில் சிறு எழுத்தில் வரும் ‘இன்-எஞ்சின்’ என்பதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். கேமை இயக்கும் மென்பொருளான எஞ்சினைக் கொண்டு வரைந்தது என்று மட்டுமே அதற்குப் பொருள். ஒவ்வொரு சட்டகத்தையும் ஆற அமர வரைந்து பிறகு கோத்திருக்கலாம், யாரும் கன்ட்ரோலரைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. ‘எஞ்சின் வரைவு’ என்று பெயர்ப்போம். உடனுக்குடன் கன்சோலிலேயே ஓடியது என்றால் ‘நிகழ்நேர ஓட்டம்’. ஒருவர் கையால் ஆடியது என்றால் ‘ஆடிய பதிவு’. மூன்றும் மூன்று வேறு உறுதிமொழிகள். எஞ்சினைப் ‘பொறி’ என்று எழுத வேண்டாம், இந்த இடத்தில் எலிப்பொறியாகப் படிக்கப்படும்.

நாமே ஆடிப் பார்க்கத் தருவது ‘வெள்ளோட்டம்’. தேருக்கும் கப்பலுக்கும் சொல்வதுதான். முன்னோட்டம் பார்ப்பதற்கு, வெள்ளோட்டம் ஓட்டிப் பார்ப்பதற்கு.

மடல் 9

முதல் மடல் எழுதியவன்தான். செங்குத்துத் துண்டு, அரங்கேற்றம் இரண்டையும் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் சேர்ப்பவை: அறிவிப்பரங்கு, இலக்குப்படம், பதச்சோறு, மேடைப்பதிப்பு, கடைப்பதிப்பு, அம்ச நீக்கம், பெயர்ப்பலகை அறிவிப்பு, எஞ்சின் வரைவு, நிகழ்நேர ஓட்டம், ஆடிய பதிவு, வெள்ளோட்டம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “2012 அறிவிப்பரங்கில் காட்டியது மேடைப்பதிப்பு. கடைப்பதிப்பில் ஒளியும் நிழலும் மாற்றுக் குறைந்திருந்தன.” பெயர்ச்சொல்லாக வரும்போது இடறும் மாற்று, வினையாக வரும்போது இடறவில்லை. எனவே மாற்றுக்குறைவைப் பட்டியலில் கேள்விக்குறியோடு வைக்கிறேன். தரமிறக்கம் வேண்டாம்.

ஒற்று கவனம்: பதச்சோறு, மேடைப்பதிப்பு, கடைப்பதிப்பு, இலக்குப்படம் எல்லாவற்றிலும் மிகும். ‘கடை பதிப்பு’ என்று பிரித்து எழுதினால் கடைசிப் பதிப்பு என்றாகிவிடும் என ஒருவர் தனிமடலில் சொன்னார். சேர்த்து எழுதினாலும் அந்த ஐயம் முழுதாகத் தீரவில்லை. ‘விற்பனைப்பதிப்பு’ என்று மாற்றலாமா?