கண்வலிக் கிழங்கும் கோல்கிசின் மாத்திரையும் ஒண்ணுதானா? அப்பா கேக்க மாட்டேங்கறார்

வேலியோரம்:
எல்லாருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்க ஊரு. அப்பாவுக்கு 62 வயசு. போன மாசம் ராத்திரியோட ராத்திரியா கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி போர்வை பட்டாலே துடிச்சுப்போயிட்டார், டாக்டர் யூரிக் ஆசிட் பார்த்துட்டு கவுட், அதாவது யூரிக் ஆசிட் சேர்ந்து வர்ற மூட்டு வீக்கம்னு சொல்லி கோல்கிசின் மாத்திரை எழுதிக் குடுத்தாரு, ரெண்டு நாள்ல வலி நல்லா குறைஞ்சுது. இப்ப டீக்கடையில யாரோ, அந்த மாத்திரையே கண்வலிக் கிழங்குலருந்துதான் எடுக்கறாங்க, உன் வேலியிலயே கெடக்கு, சுண்டைக்காய் அளவு கருப்பட்டியோட அரைச்சு முழுங்குன்னு சொல்லிட்டாங்க. நேத்து சாயங்காலம் ஒரு கிழங்கைத் தோண்டி கழுவி திண்ணையில வச்சிருந்தார், நான் எடுத்து ஒளிச்சு வச்சிட்டேன். கேட்டா ரெண்டும் ஒண்ணுதானேங்கறார். என்ன சொல்லிப் புரிய வைக்கறது?

மூலனூர் விவசாயி:
தங்கச்சி, அந்தக் கிழங்கு வாயில படவே கூடாதுங்க. நாங்க வருஷாவருஷம் போடறோம், ஆடி ஆவணியில நட்டா தை மாசிக்கு காய் வரும். பூவுல சூல்தண்டு பக்கவாட்டுல மடங்கி நிக்குமுங்க, தானா காய் சரியா புடிக்காது, அதனால காலையில வெயில் ஏறறதுக்குள்ள ஒவ்வொரு பூவா கையால மகரந்தத்தைத் தொட்டு வைக்கணும். அவ்வளவு பாடுபட்டு விக்கறது விதையத்தான், கோல்கிசின் எடுக்க அதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க. கிழங்கு எங்களுக்கு நடறதுக்கு மட்டும். அதையும் ஆடு மாடு, குழந்தைங்க எட்டாத இடத்துலதான் வைப்போம், தொட்டா கையை சோப்பு போட்டுக் கழுவாம சோத்துல கை வைக்க மாட்டோம்.

பிஎஸ்எம்எஸ் சென்னை:
நான் சித்த மருத்துவர். உங்கப்பா சொல்றதுல பாதி சரி, கோல்கிசின் இந்தச் செடியில இருக்கு. ஆனா மாத்திரையில 0.5 மில்லிகிராம்னு அளந்து வச்சிருக்கு. கிழங்குல அந்த அளவு எங்க இருக்கு? மண்ணு, வயசு, பருவத்தைப் பொறுத்து ஒவ்வொரு கிழங்குலயும் மாறும், சுண்டைக்காய் அளவுல எத்தனை மில்லிகிராம்னு பார்த்துச் சொல்ல யாராலயும் முடியாது. அந்த மருந்து செல் ரெண்டா பிரியறதையே தடுத்துடும், அதனால வேகமா வளர்ற இடம்தான் முதல்ல அடி வாங்கும், குடல், எலும்பு மஜ்ஜை, முடி வேர்.

இன்னொண்ணு, கோல்கிசின் அந்த நேரத்து வீக்கத்தைத்தான் குறைக்கும், யூரிக் ஆசிட்டைக் குறைக்காது, அதுக்கு வேற மாத்திரை. நம்ம வைத்தியத்துலயும் கண்வலிக் கிழங்கை, கலப்பைக் கிழங்குன்னும் சொல்லுவோம், விஷப் பொருளாத்தான் வச்சிருக்காங்க, சுத்தி பண்ணாம, அதாவது நச்சைக் குறைக்கற முறையைச் செய்யாம தொடறதில்ல. ஆயுர்வேதத்துல லாங்கலின்னு பேரு, அங்கயும் உபவிஷம்தான், அதாவது துணை விஷம்னு வச்சிருக்கற வகை. மருந்துச் சட்டத்துல விஷப் பொருளுக்குன்னு இருக்கற ஷெட்யூல் இ-1 அட்டவணையிலயும் இருக்கு. மூலிகைன்னாலே கெடுதல் இல்லைன்னு பேசறவங்களைப் பார்த்தா எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு, பச்சையா அரைச்சுக் குடின்னு எந்தச் சித்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

வார்டு நர்ஸ்:
இதைத் தின்னுட்டு வந்த ஒரு பொண்ணை நான் பார்த்திருக்கேன். முதல் சில மணி நேரம் ஒண்ணுமே தெரியல, அப்புறம் வாந்தி, நிக்காத பேதி. மறுநாள் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்தா, வீட்டுக்காரங்க கூட்டிட்டுப் போறோம்னாங்க, நல்லவேளை டாக்டர் விடல, மூணாவது நாள் பிபி விழுந்து ரத்த அணுக்கள் சரசரன்னு இறங்கிடுச்சு. இதுக்குன்னு கைவசம் மாத்து மருந்து கிடையாது, தாங்கிப் பிடிக்கிற வைத்தியம்தான். பிழைச்சுட்டா. ரெண்டு வாரம் கழிச்சு தலை சீவிக்கிட்டிருந்தப்போ சீப்போட கொத்துக் கொத்தா முடி வந்துச்சு, அவங்க அம்மா அதை முந்தானையில பொறுக்கிச் சேர்த்துட்டு இருந்தாங்க. இன்னும் என் கண்ணுலயே நிக்குது. அப்பாகிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டுங்க. யாராவது தின்னுட்டது தெரிஞ்சா வாந்தி வர்ற வரைக்கும் காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

வேலியோரம்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு மாத்திரை அட்டையை எடுத்துட்டு வரச் சொன்னார். டாக்டர், அவருக்கு ரத்தத்துல கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கற கிரியாட்டினின் 1.6 இருக்கு, அது பரவாயில்லயா? வேலியில இருக்கற கொடியை எடுத்துடலாமா, லீவுக்கு அக்கா பசங்க வருவாங்க.

பிஎஸ்எம்எஸ் சென்னை:
கிரியாட்டினினை எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. கிட்னி சுமாரா வேலை செஞ்சா மாத்திரையே உடம்புல தங்கும், அளவை மாத்த வேண்டியிருக்கும். சளிக்கு கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் குடுத்தாலும் இதைச் சாப்பிடறார்னு சொல்லணும். பேதி ஆரம்பிச்சா மாத்திரையை நிறுத்திட்டு உடனே போன் பண்ணிக் கேளுங்க.

மூலனூர் விவசாயி:
எடுத்துருங்க தங்கச்சி. கிழங்கு கலப்பை மாதிரி ரெண்டு பக்கமும் நீண்டு கிடக்குமுங்க, அதோட நுனியிலதான் முளை இருக்கும், நுனி ஒடிஞ்சு மண்ணுல தங்கிட்டா அடுத்த மழைக்கு மறுபடி கொடி வந்துரும். ஈரமா இருக்கறப்ப ஓரமா ஆழமாத் தோண்டி முழுசா எடுங்க, கைக்கு உறை போட்டுக்கங்க.