மாரி மழைக்குப் பயப்பிடுறம், மாசி வெய்யிலுக்கு ஏன் பயப்பிடுறேல்லை? உங்கட பிள்ளையளின்ரை அனுபவத்தையும் எழுதுங்கோ

கோப்பாய் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என்ரை மகள் எட்டாம் ஆண்டு படிக்கிறா. அவவுக்கு நடந்த இரண்டு சம்பவத்தை எழுதுறன். வாசிச்சிட்டு உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ. பள்ளிக்கூடங்களின்ரை பேர் மட்டும் வேண்டாம்.

முதலாவது போன கார்த்திகை. வியாழக்கிழமை மூண்டாம் பாடம் உடற்கல்வி. காலமை தொட்டு வானம் மூடிக்கொண்டு நிண்டது. பிள்ளையள் வலைப்பந்து விளையாடிக்கொண்டு நிக்கேக்கை தூறல் போட்டிருக்கு. இடியும் இல்லை, மின்னலும் இல்லை. ஒரு பத்து நிமிசம் அந்தத் தூறலுக்கை விளையாடினவை. பிறகு ரீச்சர் எல்லாரையும் உள்ளுக்குக் கூப்பிட்டிட்டா. அடுத்த நாள் காலமை பள்ளிக்கூட வாசலிலை நாலு அம்மாமார். அதிலை நானும் ஒராள். "பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால் ஆர் பொறுப்பு?" எண்டு முதல் கேட்டது நான்தான். ரீச்சர் மறுத்து ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அண்டையோடை உடற்கல்விப் பாடம் வகுப்புக்குள்ளை போட்டுது. தைப்பொங்கல் மட்டும் பிள்ளையள் மைதானத்திலை கால் வைக்கேல்லை. அந்த நேரத்திலை கணக்குச் செய்விச்சவை. உண்மையைச் சொன்னால் எனக்கு அப்ப அது சந்தோசமாத்தான் இருந்தது.

இரண்டாவது மாசி மாசம், பள்ளிக்கூடத்து இல்லங்களுக்கு இடையிலான மெய்வல்லுநர் போட்டி. பிள்ளை அணிநடையிலை கொடி பிடிக்கிறா. ஒண்டரைக்கு வரிசையிலை நிப்பாட்டினவை. பிரதம விருந்தினர் வரேக்கை இரண்டு மணி தாண்டி இருபது நிமிசம். அம்பது நிமிசம் அந்த வெய்யிலுக்கை, கழுத்துமட்டும் ரை கட்டி, ஒரு பொட்டு நிழல் இல்லாமல் நூற்றுக்கணக்கான பிள்ளையள். பந்தலுக்கை நாங்கள் பெற்றோர் கதிரையிலை இருந்து விசிறிக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தம். விருந்தினருக்கு மாலை போட்டு, பாண்ட் அடிக்கத் தொடங்க, என்ரை பிள்ளை கொடியோடை சரிஞ்சு விழுந்தா. அவவுக்குப் பின்னாலை இன்னும் இரண்டு பிள்ளையள்.

அண்டைக்கு ஆர் பொறுப்பு எண்டு நான் கேக்கேல்லை. ஒருத்தரும் கேக்கேல்லை. "மத்தியானம் சாப்பிடாமல் நிண்டால் இப்பிடித்தான் வரும்" எண்டு பிள்ளையைத்தான் பேசினன். வீட்டை வந்து படுக்கேக்கைதான் சொன்னா, காலமை ஏழு மணிக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கேல்லையாம். குடிச்சால் மலசலகூடத்துக்குப் போகவேணும், அங்கை கதவு பூட்டேலாது எண்டா.

பத்து நிமிசத் தூறலுக்குப் பள்ளிக்கூட வாசல் மட்டும் போன நான், அம்பது நிமிச வெய்யிலுக்கு வாய் திறக்கேல்லை. அதுதான் எனக்கு நித்திரை வராமல் கிடக்கு.


வடமராட்சி உடற்கல்வி ஆசிரியர்:

அக்கா, நீங்கள் எழுதினதை இரண்டு தரம் வாசிச்சன். வாசலிலை நிண்ட அந்த நாலு அம்மாமாரை நானும் வேறை பள்ளிக்கூடத்திலை கண்டிருக்கிறன். அந்த ரீச்சர் ஏன் பேசாமல் நிண்டா எண்டு எனக்கு விளங்குது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், அது எந்தக் கிருமியாலை வந்தாலும், "மைதானத்திலை நனைய விட்டது" எண்ட பழி எங்களிலை. வகுப்புக்குள்ளை வைச்சிருந்தால் ஒரு பழியும் இல்லை. கார்த்திகை, மார்கழி முழுக்க உடற்கல்வி கரும்பலகையிலை நடக்கிறதுக்குக் காரணம் மழையிலும் பாக்க அந்தப் பழிக்குப் பயந்ததுதான்.

ஆனால் நான் பயப்பிடுற மழை ஒண்டு இருக்கு. அதை எல்லாரும் வாசிக்கோணும்.

கன வருசத்துக்கு முதல், ஐப்பசி மாசம். பின்னேரம் மூண்டு மணி. உதைபந்தாட்டப் பயிற்சி. மழை இல்லை, மேற்கை மட்டும் கறுத்துக் கிடந்தது. தூரத்திலை இடி உருளுது. "மழை துவங்கினால் விடுவம்" எண்டு நான் யோசிச்சன். அதுதான் பிழை. மின்னலுக்கு மழை வரோணும் எண்டு இல்லை. முகிலிலை இருந்து பத்துக் கிலோமீற்றர் தள்ளியும் விழும். முதல் பெரிய துளி விழ, பெடியள் எல்லாம் மைதானத்து விளிம்பிலை நிண்ட பனையளுக்குக் கீழை ஓடினவை. நான் கத்திக் கத்தி மண்டபத்துக்குள்ளை கலைச்சன். உள்ளுக்குப் போய்க் கொஞ்ச நேரத்தாலை, மதிலுக்கு அங்காலை வளவுக்கை நிண்ட பனையிலை விழுந்தது. வட்டு எரிஞ்சதை எல்லாரும் யன்னலாலை பாத்தம். எங்கட ஊரிலை வெட்ட வெளியிலை ஆக உயரமா நிக்கிறது பனை. பிள்ளையள் ஒதுங்க ஓடுற இடமும் பனைதான். கோல் கம்பமும் இரும்பு.

அண்டையிலை இருந்து நான் எண்ணுறன். மின்னல் வெட்டினதிலை இருந்து இடி கேக்கிற மட்டும் செக்கன் எண்ணோணும். மூண்டு செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் கணக்கு. முப்பதுக்குள்ளை கேட்டால் ஒருத்தரும் வெளியிலை நிக்கக்கூடாது. கட்டிடத்துக்குள்ளை போகோணும், கொட்டில், மரம் சரிவராது. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழியாமல் திரும்ப மைதானத்துக்கு விடுறேல்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளையளுக்கே இதைப் பழக்கி வைச்சிருக்கிறன். இப்ப எனக்கு முதல் அவை எண்ணத் துவங்கியிடுவினம்.

பங்குனி, சித்திரையும் ஐப்பசியும்தான் பின்னேர இடிமுழக்கம் கூடின காலம். மாரி நடுவிலை, வாடைக்காற்றோடை இடியில்லாமல் பெய்யிற சிணுங்கல் மழை வேறை சாதி. அந்தத் தூறலுக்கை பிள்ளையள் பதினைஞ்சு நிமிசம் ஓடுறதை நான் மறிக்க மாட்டன். வடமராட்சி மணல் நிலம், மழை விட்டு அரை மணியிலை தண்ணி வத்திப் போகும். உங்கட கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண் அப்பிடி இல்லை, சப்பாத்துக்குக் கீழை களி ஒட்டி வழுக்கும். நிலத்தைப் பாக்காமல் வானத்தை மட்டும் பாத்து முடிவெடுக்கேலாது.

வெய்யிலைப் பற்றி நீங்கள் எழுதினது முழுக்கச் சரி. விருந்தினர் பிந்தினால் பிள்ளையளை நிழலிலை இருத்தலாம், அதுக்கு ஒருத்தரின்ரை அனுமதியும் தேவையில்லை. ஆனால் எங்களிலை கனபேர் செய்யிறேல்லை. நானும் முந்திச் செய்யேல்லை.


ஒரு தாதி, யாழ் நகர்:

சேர் சொன்னதோடு மருத்துவப் பக்கத்தையும் எழுதுகிறேன்.

தடிமன் வைரசால் வருவது. மழை நீர் தலையில் பட்டதால் மட்டும் வருவதில்லை. அடைத்த வகுப்பறையில், யன்னலைச் சாத்திவிட்டு, நாற்பது பிள்ளைகளை நெருக்கி இருத்தினால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது இன்னும் இலகு. நனைந்த உடுப்போடு ஒன்றரை மணி வரை மின்விசிறிக்குக் கீழே இருக்கும் பிள்ளை குளிரில் வாடிப்போகும் என்பது உண்மைதான். அதற்கு மாற்றுடுப்பு இருந்தால் போதும்.

மழைக்காலத்தில் நான் உண்மையாகப் பயப்படுவது தேங்கி நிற்கும் வெள்ளத்துக்கு. 2024 நவம்பர் வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தினார்கள். வெள்ளம் வடிந்த பிறகு டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டு போனது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும் கிருமி, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உள்ளே போகும். கண், வாய் வழியாகவும் போகும். பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் பிள்ளை சேற்றில் விளையாடியதை வீட்டில் மறந்திருப்பார்கள். கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் காய்ச்சலோடு வந்தால் "பிள்ளை வெள்ளத்துக்குள் நின்றது" என்று வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் எங்களுக்கு மிகவும் உதவும். தண்ணீர் தேங்கிய மைதானத்தில் வெறுங்காலோடு விளையாட விடவே கூடாது.

வெய்யில். 2024 மாசி, பங்குனியில் வெப்ப எச்சரிக்கை வந்ததும், அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் என்ற ஊரில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் இறந்ததும் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் வெய்யிலோடு ஈரப்பதனும் சேர்ந்து நிற்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை வழியுமே தவிரக் காயாது, உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். உடம்பு வெய்யிலுக்குப் பழக ஒன்று இரண்டு கிழமை எடுக்கும். மாரி முழுக்க வகுப்புக்குள் இருந்த பிள்ளையை மாசியில் திடீரென்று மத்தியான வெய்யிலில் நிறுத்தினால் என்ன நடக்கும்? அக்கா எழுதிய இரண்டு சம்பவமும் எனக்கு ஒரே சம்பவமாகத்தான் தெரிகிறது.

பிள்ளை விழுந்தால் நிழலுக்குக் கொண்டு போய், ரையைக் கழற்றி, காலை உயர்த்திப் படுக்க வையுங்கள். மாறிக் கதைத்தாலோ, கூப்பிட்டுப் பதில் இல்லாவிட்டாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெறும் மயக்கம் இல்லை. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், வாகனம் வரும் வரை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஆற்றுவது முதல், ஏற்றுவது பிறகு. நினைவில்லாத பிள்ளையின் வாயில் குளுக்கோசுத் தண்ணீர் பருக்க வேண்டாம்.

கதவு பூட்டாத மலசலகூடம் பற்றி எழுதியதற்கு நன்றி அக்கா. பெண் பிள்ளைகளின் மயக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று நாங்கள் வைத்தியசாலை விடுதியில் கதைப்போம். பெற்றோர் கூட்டத்தில் யாரும் கதைப்பதில்லை.


சாவகச்சேரித் தகப்பன்:

என்னைக் கோவிக்க வேண்டாம். என்ரை மகனுக்கு முட்டு வருத்தம், ஆஸ்மா. தை மாசம் விடியப்புறம் பனிக்கை பயிற்சி எண்டு ஆறு மணிக்குக் கூப்பிட்டவை. இரண்டு நாள் போனான், மூண்டாம் நாள் ஆசுப்பத்திரி. தூறலும் அவனுக்கு ஒத்துவராது. எல்லாப் பிள்ளையளுக்கும் ஒரே சட்டம் போடேலாது. நான் குடுத்த கடிதத்தை எடுத்து வைச்சுப்போட்டு "ஆம்பிளைப் பிள்ளை, ஓடட்டும்" எண்டு சொன்ன இடமும் இருக்கு. இப்ப இன்ஹேலரை அவன்ரை பொக்கற்றிலையே வைச்சு விடுறன்.


பழைய ஓட்டக்காரி:

நான் யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கிலை 1500 மீற்றர் ஓடினனான். பங்குனி மாசம், மத்தியானம், வெறுங்கால். முதல் சுற்றிலையே உள்ளங்கால் கொதிச்சுது. இரண்டாம் இடம். சான்றிதழ் இப்பவும் இருக்கு. ஆனால் கொப்புளம் உடைஞ்சு, ஒரு கிழமை பள்ளிக்கூடம் போகேல்லை. அந்த ஓட்டத்தைக் காலமை எட்டு மணிக்கு வைச்சிருந்தால் நான் இன்னும் கெதியா ஓடியிருப்பன். இண்டைக்கும் அதை நினைக்கிறனான்.


நோர்வேயில் இருந்து, பிறந்த ஊர் அளவெட்டி:

இங்கே என் பேரப்பிள்ளைகள் மழையிலும் பனியிலும் வெளியேதான் விளையாடுகிறார்கள். வந்த புதிதில் பார்த்து நெஞ்சு பதறினேன். பிறகுதான் மற்றதைக் கவனித்தேன். சின்னவள் போகும் பாலர் பாடசாலையில் ஈர உடுப்புக் காய வைக்கவென்றே சூடான அலுமாரி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் மாற்றுடுப்புப் பெட்டி, றப்பர் சப்பாத்து, மழை உடுப்பு எல்லாம் இருக்கின்றன. அந்த அலுமாரி இல்லாமல் அந்தப் பழக்கத்தை மட்டும் ஊருக்குக் கொண்டுவரச் சொல்ல எனக்கு மனம் வராது. ஊரில் உடுப்புக் காயப்போட ஒரு கொடியும் ஒரு துவாயும் போதும் என்று நினைக்கிறேன், வெய்யில் எறித்தால் அரை மணியில் காயும்.


வேலணை:

மழை, வெய்யில் மட்டுமோ? எங்கட தீவுப் பக்கம் சோளகக் காத்து எழும்பினால் மைதானத்துப் புழுதி முழுக்கப் பிள்ளையளின்ரை கண்ணுக்கைதான். அந்த நாளிலை ஓட்டத்தை விட்டிட்டு மதிலோரம் கயிறடிக்க விடுவினம். அதுவும் விளையாட்டுத்தானே.


கோப்பாய் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. தாதித் தங்கச்சி "இரண்டும் ஒரே சம்பவம்" எண்டு எழுதினதை வாசிச்சுப்போட்டுக் கனநேரம் அப்பிடியே இருந்திட்டன்.

நேற்று அந்த நாலு அம்மாமாரும் திரும்பப் போனம். முதல் ரீச்சரிட்டைப் போய் மன்னிப்புக் கேட்டன். அவ கையைப் பிடிச்சுக்கொண்டு, "மழை நாளைக்கு ஒரு துவாயும் ஒரு ரீசேட்டும் பையுக்கை வைச்சு விடுங்கோ, அது காணும்" எண்டா. பிறகு அதிபரிட்டை மூண்டு விசயம் எழுதிக் குடுத்தம். அணிநடை மூண்டரைக்குப் பிறகு. விருந்தினர் வந்தாலும் வராட்டிலும் பிள்ளையள் வேப்பமர நிழலிலை இருக்கோணும். பெண் பிள்ளையளின்ரை மலசலகூடத்துக்குக் கொண்டி போடோணும். கொண்டியை நாங்களே வாங்கிக் குடுக்கிறம் எண்டு சொல்லிப்போட்டம், அதை அதிபர் உடனையே சம்மதிச்சார். மூண்டரை மணியை யோசிக்கிறன் எண்டவர். நாங்கள் திரும்பவும் போவம்.

தம்பி சேர், உங்களிட்டை ஒரு கேள்வி. வெறுங்காலோடை விடக்கூடாது எண்டால் சப்பாத்து நனையும். எங்கட பிள்ளையளுக்கு ஒரு சோடிதான். மாரியிலை ஒரு இரவிலை காயாது. என்ன செய்யிறது?


வடமராட்சி உடற்கல்வி ஆசிரியர்:

தண்ணி தேங்கி நிண்டால் சப்பாத்தோடையும் விடுறேல்லை அக்கா, அந்த நாளிலை மண்டபம்தான். ஈர நிலத்துக்கு எண்டு நான் ஒரு சாக்கிலை பழைய சப்பாத்துச் சேர்த்து வைச்சிருக்கிறன். பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளையள் அளவு காணாமல் போட்டிட்டுப் போறதுகள். விளையாடி முடியக் கழுவி, உள்ளுக்குப் பழைய பேப்பர் அடைச்சு, மண்டபத்து விறாந்தையிலை சரிச்சு வைப்பம். இப்ப இருபத்தாறு சோடி இருக்கு. நாலாம், அஞ்சாம் அளவு மட்டும் காணாது. ஆற்றையேன் வீட்டிலை கிடந்தால் சொல்லுங்கோ.