விம்மில் கணிதக் குறிகளுக்குப் பின்னால் சாம்பல் பட்டை

கணக்கு_வாத்தியார்:
இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நேரியல் இயற்கணிதக் குறிப்புகளை லேடெக்கில் (பின்சாய்கோட்டில் தொடங்கும் கட்டளைகளாகக் கணிதத்தை அடித்து அச்சுக்கு அமைக்கும் மென்பொருள்) அடித்துக்கொண்டிருக்கிறேன். எடிட்டர் விம், பிளகின் எதுவும் கிடையாது. ஒரே வரியில் ஏழெட்டுப் பின்சாய்கோடு வந்தால் கண் தடுமாறுகிறது. அதனால் கட்டளையை மறைத்து அதன் குறியைத் திரையில் காட்டும் கன்சீல்லெவல் அமைப்பை 2 ஆக்கினேன். லாம்டா நிஜ லாம்டாவாகவே தெரிந்தது, ஒரே சந்தோஷம். ஆனால் ஒவ்வொரு குறிக்குப் பின்னாலும் சாம்பல் பட்டை, சுவரில் ஒட்டுப் பெயின்ட் அடித்த மாதிரி. கர்சர் அந்த வரிக்குப் போனால் குறிகள் பழையபடி எழுத்தாக விரிந்து வரியே துள்ளுகிறது. கீழொட்டாக வரும் ஐ, ஜே இரண்டும் எறும்பு சைஸ். என் வயதுக்கு இரண்டும் ஒன்றுதான். வழி உண்டா, கண்ணாடியை மாற்ற வேண்டுமா?

முனையம்:
பட்டை விம்மோடு வருவது சார். கன்சீல் என்ற ஹைலைட் குழுவுக்கு (மறைத்த இடத்தின் நிற அமைப்பு) இயல்பிலேயே அடர்சாம்பல் பின்னணி. விம்ஆர்சியில் (விம்மின் அமைப்புக் கோப்பு) ‘ஹைலைட் கிளியர் கன்சீல்’ என்று ஒரு வரி போடுங்கள், நிறத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் கலர்ஸ்கீம் வரிக்குக் கீழே. மேலே போட்டால் கலர்ஸ்கீம் வந்து அதை மறுபடி மாற்றிவிடலாம்.
எறும்புக்கு டெக்ஸ்_கன்சீல் என்ற மாறி இருக்கிறது. எதையெல்லாம் குறியாக மாற்றுவது என்று எழுத்து எழுத்தாகச் சொல்வது அது: கிரேக்கத்துக்கு ‘ஜி’, கணிதக் குறிக்கு ‘எம்’, ஒட்டெழுத்துக்கு ‘எஸ்’. அந்த எஸ்ஸை மட்டும் விட்டுவிடுங்கள். துள்ளலுக்கு, கர்சர் நிற்கும் வரியிலும் குறியை விரிக்காமல் வைக்கும் கன்சீல்கர்சரில் ‘என்’ (அடிக்காமல் நகரும் நிலை) வைத்துப் பாருங்கள். ‘ஐ’ (அடிக்கும் நிலை) வேண்டாம், அடிக்கும்போது என்ன அடிக்கிறோம் என்றே தெரியாது.

அடைப்புக்குறி:
இந்தக் கன்சீலையே நான் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு எடுத்துவிட்டேன். வினாத்தாள் ஒன்றில் கூட்டுத்தொகைக் குறிக்கான ‘சம்’ கட்டளைக்குப் பதிலாகப் பெரிய சிக்மாவைப் போட்டுத் தொலைத்தேன். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ∑ தான். லேடெக்குக்கு அப்படியில்லை, சிக்மா வெறும் எழுத்து. தனி வரியில் வரும் சமன்பாட்டில் ‘சம்’ போட்டால் எல்லைகள் மேலும் கீழும் உட்காரும். சிக்மாவுக்குப் பக்கவாட்டில் தொங்கும். அச்சான பிறகுதான் பார்த்தேன். இன்னொன்று, விம் வரியை மடிக்கும்போது மறைந்த எழுத்துகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். பாதித் திரை காலியாக இருக்கும்போதே வரி மடங்கும்.

கணக்கு_வாத்தியார்:
பட்டை போச்சு, எறும்பும் போச்சு. ரொம்ப நன்றி முனையம் தம்பி. கன்சீல்கர்சர் மட்டும் அரை மணி நேரம் தாங்கவில்லை. கர்சர் லாம்டாவிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வலப்பக்கம் நகர்த்தும் ‘எல்’ விசையை ஏழு தட்டு தட்டினால்தான் தாண்டுகிறது. பின்சாய்கோட்டோடு ஏழு எழுத்து அல்லவா! குறியை அழிக்கலாம் என்று ‘எக்ஸ்’ அடித்தால் ஓர் எழுத்து மட்டும் போய், மீதி லாம்டா அரைகுறையாக எட்டிப் பார்க்கிறது. எடுத்துவிட்டேன், வரி துள்ளினால் துள்ளட்டும்.
அப்புறம், அந்தச் சிக்மா கதையைப் படித்துவிட்டு என் கோப்பில் தேடினேன். நாலாம் அலகில் இரண்டு இடம். ஜெராக்ஸ் கடைக்கு நேற்றுத்தான் கொடுத்தேன்.