டேப் ஸ்டாப்: ‘தாவிடம்’ என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

கணினியில் டேப் விசையைத் தட்டினால் கர்சர் தாவிப் போய் நிற்கும் இடம்தான் டேப் ஸ்டாப். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் குழுவில் பேசிவருகிறோம். ஐயா ஒருவர் முன்வைத்த ‘வரி நிறுத்தம்’ பொருளளவில் சரிதான். ஆனால் செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் முதலில் வீட்டு வரிதான் நினைவுக்கு வரும். இன்னொரு பரிந்துரையான ‘தத்தல் நிறுத்தம்’ நீளம்; சொல்லிக்கொடுக்கும்போது வாயில் நிற்கவில்லை.

என் பரிந்துரை ‘தாவிடம்’. தாவல் (டேப்) விசையைத் தட்டினால் கர்சர் எங்கே போய் நிற்கிறதோ, அந்த இடம்.

கொருக்குப்பேட்டையில் ஒரு படிப்பகத்தில், ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளுக்கு பயோடேட்டா தயாரிக்க உதவுகிறோம். மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்புவார்கள். இடப்பக்கம் ‘ஐடிஐ, ஃபிட்டர்’, வலது ஓரத்தில் ‘2021–2023’. அந்த ஆண்டை ஓரத்துக்குத் தள்ள ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போகிறார்கள். திரையில் நேராகத்தான் தெரியும். மறைந்திருக்கும் குறிகளைக் காட்டச் செய்தால் வரி நெடுக புள்ளி புள்ளியாக வரும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஸ்பேஸ். அதே கோப்பை பிரவுசிங் சென்டரில் திறந்தால் அந்த எழுத்துரு அங்கே இருக்காது. கணினி வேறொன்றைப் போடும், எழுத்துகளின் அகலம் மாறும், ஆண்டுகள் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். சில அடுத்த வரிக்கே இறங்கிவிடும். நன்றாகப் படித்த பிள்ளை, தாளைப் பார்த்தால் அக்கறையில்லாதவன் போலத் தெரிகிறான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

வேர்டில் பக்கத்துக்கு மேலே தெரியும் அளவுகோலின் வலது ஓரத்தில் ஒரு வலது தாவிடம் வைத்து, விசையை ஒரே தரம் தட்டினால் போதும். எழுத்துரு மாறினாலும் ஆண்டின் கடைசி இலக்கம் அங்கேயே நிற்கும்.

பிடிஎஃப் ஆக்கிவிட்டால் தீர்ந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, முடிந்த இடத்தில் அப்படியே அனுப்பலாம். ஆனால் வேர்டு கோப்புதான் வேண்டும் என்று கேட்கிற இடங்களும் உண்டு.

டைப்ரைட்டிங் ஹையர் முடித்த அக்கா ஒருவர் எங்களோடு இருக்கிறார். டைப்ரைட்டரிலேயே டேப் வைத்துப் பழகியவர். “எங்க நிக்கணும்னு முதல்ல சொல்லிடு, அப்புறம் தாவு” என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்வார். சொல் அங்கிருந்து கிடைத்ததுதான். இடது தாவிடம், நடுத் தாவிடம், தசமத் தாவிடம் என்று மற்ற வகைகளுக்கும் இடறாமல் சேர்கிறது, 78.5, 81.25 என்று மதிப்பெண் சதவீதங்களைப் புள்ளிக்கு நேராக நிறுத்த அந்தக் கடைசி வகை உதவும்.

ஒரு சிக்கல் உண்டு. இணைய உலாவியில் (பிரவுசர்) வரும் டேப்பையும் சிலர் ‘தாவல்’ என்கிறார்கள். அதற்கு, ஏற்கெனவே புழங்கும் ‘கீற்று’ என்பதையே வைத்துக்கொள்வோம் என்பது என் கருத்து.

படிப்பகத்துக்கான கையேட்டில் இந்தச் சொல்லைச் சேர்க்க எண்ணம். மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.