மேட் வார்னிஷ் அடித்ததும் ஸ்பிட்ஃபயர் வெளுத்துவிட்டது, காப்பாற்ற வழி உண்டா?

செம்பூர்_பசைக்கை:
1/72 அளவு பிளாஸ்டிக் மாடல், ஸ்பிட்ஃபயர் மார்க் 8 போர் விமானம். இந்திய விமானப்படை 8-ஆம் ஸ்குவாட்ரன், 1945 பர்மா என்று செய்கிறேன். மேலே டார்க் கிரீன், டார்க் எர்த். அடியில் மீடியம் சீ கிரே. எல்லாம் அக்ரிலிக், ஏர்பிரஷ்தான். பெயின்ட் காய்ந்த மறுநாள் நேராக அதன்மேலேயே டெகால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள்) ஒட்டினேன், கிளாஸ் கோட் (பளபளப்பான வார்னிஷ்) கொடுக்கவில்லை. நேற்று சாயங்காலம் ஸ்ப்ரே கேனில் வரும் லாக்கர் வகை மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தேன். வெளியே அடைமழை. பத்து நிமிஷத்தில் இறக்கை முழுக்க விபூதி பூசின மாதிரி ஆகிவிட்டது. சீரியல் எண்ணைச் சுற்றி வெள்ளியாக ஒரு படலமும் தெரிகிறது. மாற்று டெகால் இல்லை. மொத்தமாக உரித்து எடுக்க வேண்டுமா? படம் போட்டிருக்கிறேன்.

உப்புத்தாள்_400:
உரிக்காதீங்க. இது இரண்டு தனித்தனிக் கோளாறு.

வெளுப்புக்குக் காரணம் ஈரம். லாக்கரில் உள்ள சால்வென்ட் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. கேனைச் சரியாகக் குலுக்காவிட்டாலும் இதே மாதிரி வெளுக்கும், மேட் பவுடர் அடியில் தங்கி ஒரே இடத்தில் கொட்டும்.

முதலில் ஒரு சோதனை. பிரஷ் நுனியில் தண்ணீர் தொட்டு இறக்கையின் அடியில் ஓரிடத்தில் வையுங்கள். நனைந்த இடத்தில் பழைய நிறம் திரும்பினால் கிளாஸ் கோட்டிலேயே சரியாகிவிடும். எண்ணெய் தொட்டுப் பார்க்க வேண்டாம், அடுத்த கோட் பிடிக்காது.

கிளாஸ் கோட்டுக்கு டாமியா எக்ஸ்-22 வார்னிஷ் ஒரு பங்கு, லெவலிங் தின்னர் (மெதுவாகக் காயும் லாக்கர் தின்னர்) ஒன்றரைப் பங்கு, காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ, 8 முதல் 10 செ.மீ. தூரம். முதல் இரண்டு கோட் தூவல் மாதிரி, மூன்றாவதுதான் கொஞ்சம் ஈரமாக.

எலஹங்கா_இறக்கை:
இவ்வளவு எதுக்கு? லெவலிங் தின்னரை மட்டும் தனியாக லேசாக அடித்தால் லாக்கர் இளகி, ஈரம் வெளியேறிவிடுமே. இங்கே பெங்களூரில் அதுவே போதும்.

உப்புத்தாள்_400:
டெகால் இல்லாத இடத்தில் சரி. டெகால் மேல் தனித் தின்னர் ஒரு துளி அதிகமானாலும் மை கரைந்து சுருங்கிப் போகும். அவரிடம் மாற்று செட்டும் இல்லை. பெங்களூர் காற்றையும் ஜூலை மாத மும்பையையும் ஒரே தராசில் வைக்காதீங்க சார்.

வண்ணக்குப்பி:
வெள்ளிப் படலம் என்பது டெகாலுக்கு அடியில் சிக்கிய காற்று. மேட் பெயின்ட் நுண்ணிய அளவில் கரடு, அந்தப் பள்ளங்களில் பசை இறங்குவதில்லை. மேலே வார்னிஷ் ஏறிவிட்டதால் இப்போது மென்மையாக்கும் திரவம் உள்ளே போக வழியில்லை. புது பிளேடு நுனியால் வெள்ளி தெரியும் இடத்தில் மட்டும் ஏழெட்டுப் புள்ளி குத்தி, மைக்ரோ சால் என்ற அந்தத் திரவத்தைத் தடவுங்கள். டெகால் சுருங்கினால் பதறி விரலால் அழுத்தாதீங்க, தானாகவே படியும். ஒரு ராத்திரி விட்டு, தேவைப்பட்டால் மறுபடி. இதை கிளாஸ் அடிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

இன்னொன்று, படத்தில் ரவுண்டல் (விமானப்படையின் வட்டச் சின்னம்) நடுவில் சிவப்பு இருக்கிறதே! பர்மா முனையில் ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக்கூடாது என்று சிவப்பை எடுத்துவிட்டார்கள். அடர்நீலமும், நீலம் கலந்த வெளிர் வெள்ளையும்தான். 1942 டிசம்பரில் திருச்சியில் உருவான ஸ்குவாட்ரன் அது, நம்மவர்களே தப்பாக ஒட்டினால் எப்படி! வால் மீதுள்ள பட்டைக்கும் இதே விதி. ரவுண்டலைப் பிய்க்க வேண்டாம். கிளாஸ் காய்ந்த பின், மாஸ்கிங் டேப்பில் நடுவட்ட அளவுக்குத் துளை பஞ்ச் செய்து மேலே ஒட்டி, முதலில் மெல்லிய சாம்பல், அப்புறம் வெளிர்நீலம். சிவப்பின் மேல் நேராக வெள்ளை போட்டால் ரோஸ் நிறம் மேலே வந்துகொண்டே இருக்கும்.

செம்பூர்_பசைக்கை:
தண்ணீர்ச் சோதனையில் நிறம் திரும்புகிறது. அப்பாடா. ஆனால் ஏர்பிரஷ் நடுநடுவே தண்ணீர்த் துளி துப்புகிறது, கம்ப்ரஸரிலேயே வாட்டர் ட்ராப் (காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் குப்பி) இருந்தும். இதோடு கிளாஸ் அடிக்கலாமா?

உப்புத்தாள்_400:
கூடாது. ட்ராப் இருக்கும் இடம்தான் தப்பு. கம்ப்ரஸரிலிருந்து காற்று சூடாக வருகிறது, ஈரம் ஆவியாகவே ட்ராப்பைத் தாண்டிப்போய் ஹோஸில் குளிர்ந்து துளியாகிறது. ஏர்பிரஷுக்குக் கீழே மாட்டும் சின்ன ட்ராப் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹோஸை மேசைக்குக் கீழே தொய்வாகத் தொங்கவிட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கழற்றி ஊதி விடுங்கள்.

காற்றின் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்றும் வாங்கி வையுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் லாக்கரைத் தொடாதீங்க. ஏசியை டிரை மோடில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு அதே அறையில் அடியுங்கள். ஹேர் டிரையர் யோசனையே வேண்டாம், 1/72 இறக்கை வளைந்துவிடும். மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு அதில் காய விடுங்கள். கிளாஸுக்கு முழுசாக 48 மணி நேரம்.

கடைசி மேட் கோட்டுக்கு கேன் வேண்டாம். டாமியாவின் அக்ரிலிக் மேட் வார்னிஷ் எக்ஸ்எஃப்-86, குப்பியின் அடிவரை கிளறி, மெல்லிய கோட்டாக மூன்று. ரொம்பத் தூரத்திலிருந்து அடித்தால் காற்றிலேயே காய்ந்து பவுடராக விழும், மறுபடி அதே விபூதிதான்.