கதிர்க்குருவி படம் எடுக்க மே மாதம் சோப்தா: வழிகாட்டி தேவையா?

கெடிலக்கரை (கடலூர்):
எங்கள் வீட்டு வேப்பமரத்துக்குப் புரட்டாசி வாக்கில் பச்சைக் கதிர்க்குருவி வந்துவிடும், சித்திரையில் போய்விடும். இலை மறைவிலேயே திரிவதால் நல்ல படம் அமையவில்லை. அது கூடு கட்டும் ஊரிலேயே பார்ப்போம் என்று மே மாதம் உத்தராகண்டில் உள்ள சோப்தாவுக்குப் போக எண்ணுகிறேன். வழிகாட்டியோடு குழுவாக அழைத்துப்போகிறார்கள். சேரலாமா? 100-400 லென்ஸ் போதுமா? தோட்டத்துக்கு வரும் பிளித் நாணல் கதிர்க்குருவியும் அங்கே இருக்குமா?

ஊசுட்டேரி (புதுச்சேரி):
ஐயா, நாணல் கதிர்க்குருவியை அங்கே தேடாதீர்கள். அது கூடு கட்டுவது பின்லாந்து, ரஷ்யா, மத்திய ஆசியப் பக்கம். உங்கள் வேப்பமரத்து விருந்தாளியின் இனத்தை சோப்தாவில் நிச்சயம் பார்க்கலாம். இங்கே ‘ச்சிஸ்லி’ என்ற ஒற்றைக் குரலைத்தானே கேட்டிருப்பீர்கள்? அங்கே ஆண் குருவி மரநுனியில் உட்கார்ந்து படபடவென்று முழுப் பாட்டையும் பாடும். அதைக் கேட்பதற்காகவே போகலாம்.

வழிகாட்டி வேண்டும் என்பதே என் கருத்து. ஹியூம் கதிர்க்குருவி, பெரிய அலகுக் கதிர்க்குருவி என ஒரே சாயலில் பல இனங்கள் அந்தக் காட்டில் கூடு கட்டுகின்றன. நிறத்தை வைத்துப் பிரிப்பது கடினம். குரலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அந்தக் காது உள்ளூர்க்காரர்களுக்கு உண்டு. ஆனால் பெரிய குழுவில் சேராதீர்கள். பெரும்பாலானவர்கள் மோனால் என்ற வண்ணமயமான காட்டுக்கோழி வகைப் பறவைக்காகத்தான் அங்கே வருகிறார்கள். அதைத் தேடி வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். கதிர்க்குருவிக்கோ ஒரே சரிவில் காலை முழுவதும் நிற்க வேண்டும். இரண்டு மூன்று பேராகப் போவதே நல்லது.

100-400 போதும். சாலையோரம் நின்றால் கீழ்ச்சரிவு மரங்களின் உச்சி நம் கண்மட்டத்தில் இருக்கும்; வேப்பமரத்தடியில் அண்ணாந்து எடுக்கும் வயிற்றுப் படம் அங்கே வராது. ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைய வேண்டாம். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 வரை போனாலும் கவலையில்லை. ஐந்தரைக்குள் வெளிச்சம் வந்துவிடும். உயரம் சுமார் 2,700 மீட்டர் என்பதால் முதல் நாள் மெல்ல நடங்கள். கேதார்நாத் யாத்திரைக் கூட்டத்தில் ருத்ரபிரயாக் சாலை திணறும். பயணத்துக்கு நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

தில்லைக்காளி (சிதம்பரம்):
கைப்பேசியில் அதன் பாட்டை ஒலிக்கவிட்டால் குருவி பக்கத்தில் வந்துவிடும். என் வழிகாட்டி அப்படித்தான் செய்தார், படமும் அருமையாக வந்தது. ஒரு முறை செய்வதால் என்ன கெட்டுவிடும்?

ஊசுட்டேரி (புதுச்சேரி):
தம்பி, உங்களுக்குப் பிறகு அடுத்த குழு, அதன் பிறகு இன்னொன்று. எல்லோரும் அதே வளைவில்தான் நிறுத்துகிறார்கள். பாட்டைக் கேட்ட ஆண் குருவி, எதிரி தன் எல்லைக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவருகிறது. பத்து கிராம்கூட இல்லாத உடம்பு. தெற்கிலிருந்து இமயம் வரை பறந்து வந்த களைப்பு வேறு. கூடு கட்டிக் குஞ்சு வளர்க்க அதற்கு ஒரு கோடைதான் கிடைக்கிறது. அந்த நேரத்தைப் பிடுங்கிப் படமாக்க எனக்கு மனம் வராது.

கூடும் பெரும்பாலும் தரையோடு சரிவில், பாசிக்குள் ஒளிந்திருக்கும். பாதையை விட்டு இறங்கினால் காலில் மிதிபடும். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பறவைக் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே சொல்கிறது. சோப்தாவை ஒட்டியிருப்பது கேதார்நாத் வனவுயிர்ச் சரணாலயம்.

கெடிலக்கரை (கடலூர்):
மிக்க நன்றி அம்மா. முன்பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

ஊசுட்டேரி (புதுச்சேரி):
குரல் ஒலிக்கவிடுவீர்களா, கூட்டுக்குக் கூட்டிப்போவீர்களா என்று இரண்டையும் ஆசைப்படுபவர்போலவே கேளுங்கள். ‘கட்டாயம் சார்’ என்றால் வேறு ஆளைப் பாருங்கள். மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கத்துக்குள் போய்வாருங்கள். ஜூன் கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும். கம்பளிச் சட்டையும் லென்ஸை மூட ஒரு மழையுறையும் மறக்காதீர்கள்.